முள் இல்லாத விரதம்



திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்துச் சமவெளியில் அமைந்த ஊர் கீரனூர். நம் குடும்பங்கள் செறிந்து வாழும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளுக்கும் அவ்வூருக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. ஆயினும் அவ்வட்டாரம் நமக்கு அயலன்று. அதே வட்டத்தில், பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. பாண்டவர் ஐவரோடு இயைத்து மக்கள் இன்று வழங்கும் அம்மலையைப் பழங்கல்வெட்டு திருவயிரை எனக் குறிக்கிறது.

அக்கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-இல், பாண்டியன் வரகுணனின் 8-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. அம்மன்னன் அரியணை ஏறிய ஆண்டு 862 என வரலாற்றறிஞர் துணிவதற்கு அதுவே சான்று. நமக்கோ அதனினும் பெரிய செய்தி ஒன்று அதில் உண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவற்றின் வழிபாட்டு அவிக்கும், துறவி ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைக்கப்பட்டது.

ஐந்நூற்றைந்து காணம் பொன் ஒருபுறம்; துறவி ஒருவரின் உணவு மறுபுறம். நம் மரபில் திகம்பர முனிவர் நாளில் ஒரே ஒருமுறை, நின்றபடியே, சேர்த்து ஏந்திய இரு கைகளில் வாங்கி உண்பவர். அவரிடம் உண்கலம் இல்லை. அடுத்த வேளைக்கு எடுத்துவைக்க இடமும் இல்லை. எவ்வளவு பொன் குவிந்திருந்தாலும் அவர் கொள்வது கையளவே.

ஆனால் அந்தப் பொன்னுக்கும் அந்தக் கைக்கும் இடையே இல்லறத்தார் நிற்கின்றனர். முதல் கெடாமல் காத்து, அதன் பொலிசையைக் கொண்டு அறத்தை நடத்துவது அக்கால அறக்கட்டளைகளின் பொது வழக்கு. மழை பொய்த்த ஓராண்டில், விதைக்குப் பணமில்லாத நாளில், பொன்னைக் காப்பவர் மனம் என்ன கூறும்? ‘சிறிது எடுத்துக்கொள், அறுவடைக்குப் பின் வைத்துவிடலாம். எவருக்குத் தெரியப் போகிறது?’ இக்குரலை அறியாத இல்லறத்தார் எவரும் இலர். இன்று நாம் சிந்திக்க வேண்டுவதும் இக்குரலைப் பற்றியே.

அருகக் கடவுள் ஆணையிட்டுத் தண்டிப்பவர் அல்லர். மகிழ்ந்து பரிசளிப்பவரும் அல்லர். விருப்பு வெறுப்பு அற்ற வீதராகர் அவர். வினையின் பயனை வினையே ஊட்டும். ஆகவே அவர் காட்டிய நெறிக்கு முழுமனத்துடன் கட்டுப்படுவதென்பது, நோயாளி மருத்துவர் சொற்படி பத்தியம் காப்பதை ஒத்தது. மருத்துவர் காணாத வேளையில் விலக்கிய உணவை உண்டவன் ஏமாற்றியது மருத்துவரை அன்று. விரதத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு சமரசமும் இத்தகையதே.

சாவகர்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், செல்வமும் தானியமும், பணியாளரும், ஆடை பாத்திரம் முதலியனவும் இவ்வளவே எமக்கு வேண்டும் என வரையறுத்து, அதற்குமேல் ஆசையை நிறுத்துவது இவ்விரதம். பொருளே ஈட்டாதே என்று நம் ஆசாரியர்கள் இல்லறத்தாருக்குக் கூறவில்லை. எல்லையை நீயே வகுத்துக்கொள், வகுத்தபின் அதனைத் தாண்டாதே என்றே கூறினர்.

எல்லையைத் தாண்டாதது போலவே தாண்டும் வழிகளையும் அவர்கள் அறிந்திருந்தனர். 12-ஆம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோக சாத்திரத்தில் இவற்றை விளக்குகிறார். வயல்களின் எண்ணிக்கையை வரையறுத்தவன் அடுத்த வயலை வாங்கி, இடையிலுள்ள வரப்பை நீக்கி, இரண்டும் ஒன்றே என்பான். பொன்னின் அளவு மிகுந்தால், விரதக் காலம் முடியும்வரை பிறரிடம் கொடுத்து வைப்பான். பாத்திரங்களின் எண்ணிக்கை மிகுந்தால், இரண்டை உருக்கி ஒன்றாக்குவான். தானியம் மிகுந்தால், மூட்டையாகக் கட்டி அயலார் வீட்டிலேயே இருக்கச் செய்வான். கணக்கில் விரதம் காக்கப்பட்டது. மனத்தில் அது முறிந்துவிட்டது. ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவற்றைப் படிக்கும்போது, நம் வீட்டுப் பத்திரங்களைப் பார்த்து எழுதியதோ என்று தோன்றுகிறது.

நாமும் இதற்கு விலக்கல்லோம். பல ஆண்டுகளுக்கு முன் தசலட்சண பருவத்தில் நம் நிலத்துக்கு ஓர் அளவு வரையறுத்துக்கொண்டோம். சில காலம் கழித்து, நம் வயலை ஒட்டிய நிலம் மலிவாக விலைக்கு வந்தது. அதனை இல்லாளின் பெயரில் பதிவு செய்தோம். ‘நம் பெயரில் அளவு மீறவில்லையே’ என்று மனம் அமைதி கூறியது. அடுத்த தசலட்சணத்தில் உத்தம சௌசம் பற்றிப் பேசுமாறு ஊரார் நம்மை அழைத்தனர். சௌசம் என்பது தூய்மை. நீரால் வரும் தூய்மையன்று, லோபம் நீங்குவதால் வரும் தூய்மை. பேச எழுந்த நமக்கு நா எழவில்லை. மறு ஆண்டு அந்நிலத்தை அடக்க விலைக்கே, அதனை உழுதுவந்தவருக்குக் கொடுத்துவிட்டோம்.

பின்னர் அப்பகுதியில் நிலவிலை ஏறியது கேட்டு மனம் நொந்ததும் உண்டு. சமந்தபத்திராசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்குக் கூறும் ஐந்து குற்றங்களுள் ஒன்று வியப்பு. பிறருக்கு வந்த ஆதாயம் கண்டு வியந்து வருந்துதல். கைவிட்ட நிலத்தை மனத்தால் இன்னும் உழுதுகொண்டிருந்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

இதன் மூலத்தைத் தத்துவார்த்த சூத்திரம் தெளிவாகக் காட்டுகிறது. விரதம் ஏற்றவன் சல்லியம் அற்றவனாய் இருத்தல் வேண்டும் என்பது உமாசுவாமியின் கொள்கை. சல்லியம் என்பது முள். தைத்த முள் வெளியே தெரியாது, ஆனால் நடக்கவிடாது. அம்முட்கள் மூன்று.

முதலாவது மாயை, உள்ளொன்றும் புறமொன்றுமாய் நடக்கும் வஞ்சனை. வரப்பை நீக்கியவனும், பெயரை மாற்றிப் பதிந்த நாமும் மிதித்த முள் இது. இரண்டாவது நிதானம், அறத்துக்கு விலை கேட்பது. ‘இந்த வியாபாரம் பலித்தால் ஜினாலயத்துக்கு இவ்வளவு தருவேன்’ என்று வேண்டுவது பக்தி போலத் தோன்றும். உண்மையில் அது பேரம். மூன்றாவது மித்தியாத்துவம், பொய்க்காட்சி. தவறாக ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுத்தால் எஞ்சியது தூயதாகிவிடும் என நம்புவது இதன்பாற்படும். வீதராகருக்கு நம் பொன்னால் ஆவது ஒன்றும் இல்லை. முள்ளோடு நடந்த விரதம், விரதம் ஆகாது.

பேராசையின் முடிவுக்கு இரத்தின கரண்டகம் எடுத்துக்காட்டுவது சுமசுரு நவநீதன் வரலாறு. அந்நூலின் உரையில் பிரபாசந்திரர் அதனை விரித்துரைக்கிறார். மோர் குடித்த ஒருவன், மீசையில் ஒட்டிய வெண்ணெயைக் கண்டு, நாள்தோறும் அதனைச் சேர்த்து ஒரு குடம் நெய்யாக்கினான். குளிர்காலத்து இரவில், குடிசையில் நெருப்பு மூட்டி, நெய்க்குடத்தைக் காலருகே வைத்துப் படுத்தான். நெய்யை விற்று வணிகனாவேன், பின் அரசனாவேன், சக்கரவர்த்தியாவேன், மனைவி என் காலை வருடுவாள், ‘உனக்கு வருடத் தெரியவில்லை’ என்று செல்லமாய் உதைப்பேன் எனக் கனவு கண்டு, காலை நீட்டி உதைத்தான். குடம் நெருப்பில் கவிழ்ந்தது. குடிசையோடு அவனும் எரிந்தான். அவன் எவரிடமும் திருடவில்லை. இவ்வளவு போதும் என்று ஒருநாளும் சொல்லாததே அவன் செய்த பிழை.

லோபத்தை எளிதில் வெல்லலாம் என்று எண்ணற்க. குணத்தானங்கள் பதினான்கனுள் 10-ஆவது சூட்சும சாம்பராயம். குரோதமும் மானமும் மாயையும் ஓய்ந்த உயர்நிலை முனிவரிடத்தும் அங்கே நுண்ணிய லோபம் எஞ்சி நிற்கும் என்கிறது ஆகமம். அத்தகையோர்க்கே இறுதிவரை தொடரும் பகையை, இல்லறத்தாராகிய நாம் காவலின்றி எதிர்கொள்ளலாமா? அக்காவலே விரதம்.

ஆகவே சில செயல்களை மேற்கொள்வோமாக. வரும் தசலட்சணத்தில் நம் பொருளுக்கு ஓர் அளவு வகுத்து எழுதி வைப்போம். அவ்வளவு நம் பெயருக்கு மட்டுமன்று, நம் ஆசைக்கும் உரியது என்பதை வீட்டாரிடம் வெளிப்படக் கூறுவோம். மீறி வருவது ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுக்கு ஆகட்டும். ஊர் ஜினாலயத்தின் நிலத்தைக் குத்தகை எடுப்போர், அயலார் நிலத்துக்குத் தரும் குத்தகைக்குக் குறையாமல் தருவோம். ஜினாலயக் கணக்கைப் பொறுப்பாளர் கேளாமலே ஆண்டுதோறும் ஊரார் முன் படிக்கட்டும். அன்றாடச் சாமாயிகத்தில், இன்று எந்த வரப்பை நீக்கினோம் என்று நம்மை நாமே வினவுவோம்.

பழனிப் பக்கம் செல்ல நேர்ந்தால் ஐவர்மலையையும் கண்டு வாருங்கள். அந்தப் பொன் இன்று எங்கும் இல்லை. அதனை உண்டு வளர்ந்த செல்வம் எதுவும் அங்கே நிற்கவில்லை. எதுவும் ஏந்தாத கைகளோடு தீர்த்தங்கரர் மட்டுமே பாறையில் இருக்கின்றனர். அவர்தம் திருமுன் நிற்கும்போது, நாம் வகுத்த அளவை முள்ளின்றி நினைக்க இயலுமாயின், அவர் நெறியில் நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று கொள்ளலாம்.

வாழ்க ஜினதருமம்!