தாசில்தார் ஆபீசில் பாரசீகம்

எட்டாம் வகுப்பில் மாவட்ட நிர்வாகம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் தன் தாத்தாவின் நிலவரி ரசீதைக் கொண்டுவந்தான். அதில் ‘பசலி 1433’ என்றிருந்தது. “இது எந்த வருஷம் சார்?” என்று கேட்டான். “அது ஆபீசுல உள்ளவங்களுக்க பாஷை” என்று பின்வரிசை மாணவி ஒருத்தி பதில் சொன்னாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல் புரியாத இடத்தில் கேள்வி கேட்கத் தயங்கி நிற்கும் பெற்றோரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த இரு பாடவேளைகளை அந்தப் பாஷைக்கே ஒதுக்கினேன்.

சொற்களைப் பிரித்தல்

கரும்பலகையில் இச்சொற்களை எழுதினோம். இவற்றில் பல அரபு வேர் கொண்டவை; பாரசீகம் வழியே நம்மிடம் வந்தவை.

- தாசில்தார்: தஹ்சீல் (வசூல்) + தார் (உடையவர்)
- சிரஸ்தார்: சர் (தலை) + ரிஷ்தா (நூல், இழை) + தார்
- சர்க்கார்: சர் (தலை) + கார் (வேலை)
- ஜமாபந்தி: ஜமா (மொத்தத் தொகை) + பந்தி (கட்டுதல், தீர்மானித்தல்)
- ரசீது: ‘வந்து சேர்ந்தது’
- பசலி: ‘பசல்’, அதாவது அறுவடை

பசலி அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு. நம் மாநிலத்தில் ஜூலை 1இல் தொடங்கும். பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1433 + 590 = 2023. கணக்கைப் போட்டு முடித்ததும் மாணவர்களின் முகம் மலர்ந்தது.

‘தார்’ இன்றும் பாரசீகத்தில் உயிரோடு இருக்கிறது. ஈரானில் மாவட்டத் தலைநகரில் அமர்ந்து ஆளும் அதிகாரிக்கு ‘பர்மான்தார்’ என்று பெயர். ஆணையை உடையவர் என்பது பொருள். அவ்வூர் நகராட்சித் தலைவர் ‘ஷஹர்தார்’. அங்குள்ள ஒரு சிறு நகரத்துப் பிள்ளை நம் ‘தாசில்தார்’ என்ற சொல்லைக் கேட்டால் பாதியாவது புரிந்துகொள்ளும்.

இங்கு எப்படி வந்தன?

முகலாயர் ஆட்சியில் நிர்வாக மொழி பாரசீகம். தமிழகத்தில் ஆற்காடு நவாபுகளின் அரசவையிலும் அதுவே நடந்தது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் ஆற்காடு, 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியின் தலைநகரம். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆட்சியை எடுத்துக்கொண்டபோது, பழைய வருவாய்ச் சொற்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 1837இல் கம்பெனி ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழி என்ற இடத்தை இழந்தது, சொற்கள் தங்கிவிட்டன.

நாஞ்சில் நாடோ திருவிதாங்கூரில் இருந்தது. இங்கு காரியக்காரர், பார்வத்தியக்காரர் என்ற பதவிப் பெயர்கள் வழங்கின. கர்னல் மன்றோ திவானாக இருந்த 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காரியக்காரர் ‘தாசில்தார்’ ஆனார். ‘திவான்’ என்பதும் பாரசீகம் வழி வந்ததே. ஆக, நவாபு ஆளாத ஊருக்கும் அவர் அலுவலகச் சொல் வந்து சேர்ந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் இணைந்து, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டமாயின. அதே ஆண்டில்தான் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. பின்னர் தாலுகா ‘வட்டம்’ ஆனது. தாசில்தார் ‘வட்டாட்சியர்’ ஆனார். ஜமாபந்தி ‘வருவாய்த் தீர்வாயம்’ ஆனது. பெயர்ப்பலகையில் புதுப்பெயர், பேச்சில் பழைய பெயர் என இரண்டும் இன்று சேர்ந்தே வாழ்கின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

4, 5ஆம் வகுப்பினர் வீட்டில் வழங்கும் அலுவலகச் சொற்கள் ஐந்தைக் கேட்டு எழுதி வரலாம். 6 முதல் 8 வரை, ‘தார்’ என முடியும் சொற்களைத் திரட்டி (ஜமீன்தார், சுபேதார், ஹவில்தார், மிராசுதார்) பொதுப்பொருளைக் கண்டறியலாம். 9, 10ஆம் வகுப்பினர் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய தமிழில் பொருள் எழுதலாம். வீட்டு ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும்போது பெயர், புல எண் ஆகியவற்றை மறைத்த நகலே போதும்.

ஒரு எச்சரிக்கை: “அப்படியானால் இவை அந்நியச் சொற்கள், ஒதுக்கிவிடலாமா?” என்ற கேள்வி எழும். எந்தச் சொல்லையும் எந்த மதத்தோடும் சேர்த்துப் பேசாமல், ஆட்சிகள் மாறிய வரலாறாகவே விளக்குவது நல்லது. தமிழ்ச்சொல்லைப் பயன்படுத்தட்டும், பழைய சொல்லின் பொருளையும் அறிந்திருக்கட்டும். வீட்டில் இருக்கும் பழைய ஆவணம் பழைய சொல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மறுவாரம் அந்த மாணவன் வந்து, தாத்தாவின் பழைய ரசீதுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிக் கொடுத்ததாகச் சொன்னான். இரண்டு ஆண்டு ரசீதுகள் இல்லையாம். “ஆபீசுல போய்க் கேக்கணும் சார்” என்றான். கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே, அந்தப் பாடத்தின் கற்றல் விளைவு.