ஒரு வகுப்பறை, பல படிகள்

பெங்களூரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழி பேசும் குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. இத்தகைய பகுதியில் முதன்முதலாகப் பணியேற்கும் ஆசிரியை, ஐம்பது குழந்தைகள் நிறைந்த அறைக்குள் நுழையும்போது காண்பது ஒரு வகுப்பை அன்று, பல வகுப்புகளை. ஒரு குழந்தை பாடநூலைத் தடையின்றி வாசிக்கும். மற்றொன்று எழுத்துக் கூட்டும். வேறொன்றுக்கு வகுப்பில் பேசும் மொழியே புதிது. தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எண்ணிக்கை குறைந்தாலும் இந்த வேறுபாடு குறைவதில்லை.

புதியவர் பெரும்பாலும் நடுத்தர மாணவரை மனத்திற்கொண்டு, குரலை உயர்த்திப் பாடம் நடத்துகிறார். முந்தியிருப்போர் சலிப்படைகின்றனர், பிந்தியிருப்போரோ அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். அஞ்சத்தக்கது இந்த அமைதியே. கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்தெழுதும் குழந்தை, எழுதியதை வாசிக்க இயலாமலே மூன்று வகுப்புகளைக் கடந்துவிடக்கூடும்.

நம் திண்ணைப் பள்ளிகள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தன. அங்கே மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற மைந்தர்க்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்திலும் கொணர விரும்பினார். துணையாசிரியரிடம் அது நடைபெறவில்லை. ஆகவே ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செவ்வனே நடத்தினான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஆயினும் இங்கிலாந்தில் அது, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்தும் சிக்கன வழியாகி, இயந்திரத்தன்மை அடைந்தது. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பையும் கொடுத்த நம் பழைய வாத்தியார்களையும் இவ்விடத்தில் புகழ்வதற்கில்லை.

கர்நாடகத்தில் இக்கருத்து மேலும் பண்பட்டது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்துத் திரும்பிய ஹெக்கடதேவனகோட்டை வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள், 1995இல் 'நலி-கலி'யைத் தொடங்கினர். மகிழ்ந்து கற்றுக்கொள் என்பது அதன் பொருள். பாடங்கள் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படிகளாக வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறும். ஆசிரியரின் முழுத் துணை வேண்டுவோர் முதல் தாமே கற்போர் வரை ஐந்து குழுக்கள் அமையும். இடையில் உள்ளோருக்குத் தோழரும் துணையாவர்.

அட்டைகள் இல்லாத வகுப்பிலும் இதைப் பின்பற்றலாம். முதல் வாரம் பாடத்தைத் தொடங்காமல், ஒவ்வொரு குழந்தையையும் அருகே அழைத்து இரண்டு வரி வாசிக்கச் செய்து, சில கணக்குகள் கொடுத்து, நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாசிப்புக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. மாதந்தோறும் அவை மாறவும் வேண்டும். இல்லையேல் 'மக்குக் கூட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். கற்பிக்கும் பொறுப்பு முதல் மதிப்பெண் பெறுபவருக்கே உரியதாகிவிடக்கூடாது. சென்ற வாரம் தடுமாறிக் கற்றுக்கொண்டவனுக்கே தடுமாற்றம் எங்கே என்பது நன்கு தெரியும். தமிழ் மட்டும் அறிந்த சிறுமியின் அருகே, தமிழும் கன்னடமும் அறிந்த ஒரு தோழி அமரட்டும்.

ஆசிரியை ஒரு குழுவோடு தரையில் அமர்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரம், மற்ற குழுக்களிலிருந்து ஓசை எழவே செய்யும். வாசிக்கும் ஓசையும் வம்பளக்கும் ஓசையும் வெவ்வேறு என்பதைச் சில வாரங்களில் செவி அறிந்துகொள்ளும். அதுவரை, அவ்வழியே செல்லும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.