பி.இ. விகிதம்: பத்து வருடக் கணக்கு, ஒரே நோட்டில்

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட்டில் வந்தபிறகு, போர்ட் பிளேயரில் இருந்தபடியே மொபைலில் பங்கு வாங்குவது சுலபமாகிவிட்டது. ஆனால் திரையில் தெரிகிற பி.இ. அன்றைய எண் மட்டுமே. அதே நிறுவனத்தின் பழைய வருடங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் விலை மலிவா, கூடுதலா என்பது புரியும்.

1. பங்கு விலையை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் (இ.பி.எஸ்.) வகுத்தால் பி.இ. கிடைக்கும். விலை ரூ.300, இ.பி.எஸ். ரூ.15 என்றால் பி.இ. 20.

2. நோட்டில் வருடம், மார்ச் மாத இறுதி விலை, இ.பி.எஸ்., பி.இ. என்று நான்கு கட்டம் போட்டு, பத்து வருடத்துக்கு நிரப்புங்கள். இ.பி.எஸ். ஆண்டறிக்கையிலேயே இருக்கும்.

3. விலையும் பி.இ.யும் சேர்ந்தே நகர வேண்டியதில்லை. ரூ.300 பங்கு ரூ.360 ஆகி, இ.பி.எஸ். 24 ஆனால், பி.இ. 15 ஆக இறங்கும். விலை ரூ.240க்கு விழுந்து, இ.பி.எஸ். 6 ஆனால், பி.இ. 40. விலை குறைந்தும் பங்கு மலிவாகவில்லை!

4. நஷ்ட வருடத்தில் பி.இ. கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள். நம் தீவுக்கு விமானம் விடும் இண்டிகோ, கொரோனாவால் 2020-21இல் சுமார் ரூ.5,800 கோடி நஷ்டப்பட்டது, 2023-24இல் ரூ.8,000 கோடிக்கு மேல் லாபம் பார்த்தது. லாபத்துக்குத் திரும்பும் முதல் வருடத்தில் இ.பி.எஸ். சிறிதாக இருந்தால், பி.இ. பூதாகரமாகத் தெரியும். அதையும் தனியாகக் குறித்துவையுங்கள்.

5. ஷிப்பிங் கார்ப்பரேஷன் போன்ற கப்பல் நிறுவனங்களின் லாபம், சரக்குக் கட்டணத்தோடு ஏறி இறங்கும். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். மலிவு என்று அவசரப்படாமல், பல வருட சராசரி இ.பி.எஸ்.ஸால் விலையை வகுத்துப் பாருங்கள்.

6. நிலம் விற்ற பணம் போன்ற ஒருமுறை வரவைக் கழித்துவிடுங்கள். நிறுவனம் பிரிந்தாலும் கவனம் தேவை: ஷிப்பிங் கார்ப்பரேஷனிலிருந்து பிரிந்த சொத்து நிறுவனம் 2024 மார்ச்சில் தனியாகப் பட்டியலானது. பிரிவுக்கு முந்தைய எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது.

7. பங்கைப் பிரித்திருந்தால் பழைய கணக்கைத் திருத்துங்கள். ஸ்டேட் பாங்கின் ரூ.10 முகமதிப்புப் பங்கு, 2014 நவம்பரில் பத்து ரூ.1 பங்குகளானது. அதற்கு முந்தைய விலை, இ.பி.எஸ். இரண்டையும் பத்தால் வகுக்க வேண்டும்.

8. துணை நிறுவன லாபத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில் எல்லா வருடமும் ஒரே முறை இருக்கட்டும். நிஃப்டி கணக்கில் துணை நிறுவன லாபத்தைச் சேர்த்ததும், 2021 மார்ச் இறுதியில் அதன் பி.இ. ஒரே நாளில் சுமார் 40இலிருந்து 33 ஆனது. அதற்குக் காரணம் விலைச்சரிவு அல்ல.

9. பத்து பி.இ.களையும் வரிசைப்படுத்தி, நடுவில் வரும் இரண்டின் சராசரியை எடுங்கள். இன்றைய எண் அதைவிட வெகுவாக விலகினால், வாங்கும் முன் காரணம் தேடுங்கள்.

10. 100ஐ பி.இ.யால் வகுங்கள்; பி.இ. 20க்கு 5% வரும். இதை அஞ்சலக வைப்பு வட்டியோடு ஒப்பிடலாம். ஆனால் வட்டி கைக்கு வரும். இந்த 5% முழுதும் டிவிடெண்டாக வராது, அடுத்த வருடம் குறையவும் கூடும். பள்ளிக் கட்டணத்துக்கும் ஊருக்குப் போகும் கப்பல் டிக்கெட்டுக்கும் வைத்த பணத்தைப் பங்கில் போடாதீர்கள்.