தமிழ்ப் பாடம்: தூது



இம்முறை பாடத்தை ஒரு சிறு கற்பனையோடு தொடங்குவோம். இடம் சூளூர்பேட்டை. சென்னை - கூடூர் இரயில் பாதையில், பழவேற்காடு ஏரிக்கு அருகே உள்ள ஊர். 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரியில் பூநாரைகள் கூடும் குளிர்காலத்தில் விடுமுறைக்கு வருகிறான் ஓர் இளைஞன். அத்தை வீட்டு நாய்க்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவனும் பின்னால் ஓடுகிறான். அதைப் பிடித்துத் தருபவள், ஐந்தாம் வகுப்பில் அவனோடு ஓயாமல் சண்டையிட்டவள்! பேச்சு வளர்கிறது; அன்பும் வளர்கிறது.

இது புதுக்கதையா? இல்லை. குறுந்தொகையின் 229ஆம் பாடலில் மோதாசனார் இதைப் பாடிவிட்டார். சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திழுத்து, செவிலியர் தடுத்தும் கேளாமல் சண்டையிட்ட இருவர், இன்று காதலராய்ச் சேர்ந்து செல்கின்றனர். வழியில் கண்டோர் வியக்கின்றனர்.

நாய்க்குட்டி செய்த வேலையை நளன் கதையில் அன்னம் செய்தது. ஒருவரையொருவர் பார்த்திராத நளனையும் தமயந்தியையும் அதுவே சேர்த்தது. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் இதைப் படிக்கலாம்.

இவ்வாறு தூது அனுப்புவதையே பொருளாகக் கொண்ட சிற்றிலக்கியம் 'தூது'. கலிவெண்பாவில் அமைவது. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தும் தூது செல்லும் என்பர். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடியது 'அழகர் கிள்ளை விடு தூது'.

நேரில் சொல்ல நா எழாதபோதுதான் தூது வேண்டியிருந்தது. பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கும் அப்படி நா எழாத வயது வரும். காதலைப் பேசுவது நம் மரபுக்குப் புறம்பானதன்று. எட்டுத்தொகையில் ஐந்து நூல்கள் முழுவதும் அகப்பொருள் பற்றியவை. மனத்தில் உள்ளதை வீட்டில் சொல்லத் தமிழ்ச் சொல் இல்லையென்றால், பிள்ளைகள் வேறு மொழியில் வேறு யாரிடமோ சொல்வார்கள். மேற்சொன்ன பாடலைச் சேர்ந்து படியுங்கள். அதுவே உங்களுக்கிடையே தூதாகட்டும்.

சொற்பொருள்: கிள்ளை - கிளி; பூவை - நாகணவாய்ப் பறவை (மைனா); பாங்கி - தோழி; செவிலி - வளர்ப்புத் தாய்.

பயிற்சி:
1. தூது செல்லும் பத்தில் உயிரில்லாதவை எவை?
2. ஊரில் இருக்கும் பாட்டிக்கு நீங்கள் எதைத் தூது விடுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.