சுருக்குப்பை

பொம்மையார்பாளையம்,
ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீ எடுத்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். இது ஸ்பீக்கரில் போடுகிற பேச்சு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

மாசி மகத்துக்கு வந்திருந்தாய். கடலாட வரும் மயிலம் முருகனைப் பார்க்க எல்லாரும் வைத்திக்குப்பம் போய்விட்டார்கள். நீ மட்டும் அசதியாக இருக்கிறது என்று வீட்டில் தங்கினாய். இரண்டாவது கீமோ முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அசதி நிஜம்தான். நானும் மூட்டுவலியைச் சாக்குச் சொல்லித் தங்கிவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று வந்தால், கடலோரக் கல்மேல் தலைத்துணியோடு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் வந்தபோது புதினா மிட்டாய் வாசனை. அதற்குக் கீழே இன்னொரு வாசனை. நீ கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்த வாசனை எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய்? மிட்டாய் போட்டு மறைத்தவளுக்குத்தான் மிட்டாய் போட்டு மறைப்பது தெரியும். உன் பெரியம்மா இருபத்தெட்டு வருஷம் போயலை போட்டவள். வெற்றிலையோடு கொஞ்சம், வெற்றிலை இல்லாமலும் கொஞ்சம். ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "வெற்றிலை பாக்கு போட்டாலும் போயலை சேர்க்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்த நர்சம்மா, தடுப்பூசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் போய்ச் சுருக்குப்பையை அவிழ்ப்பாள். அப்புறம் வாய் கொப்பளித்து ஏலக்காய் ஒன்று. இதை உன் பெரியப்பாவுக்கே பல வருஷம் தெரியாது. தெரிந்ததாக அவர் காட்டிக்கொண்டதில்லை என்பதுதான் சரி.

எனக்கு அதைப் பழக்கியது என் அம்மாவோடு மீன் கூடை தூக்கிய பெண்கள். விடியலில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து நடந்து, மதியம் வரை ஒன்றும் சாப்பிடாமல் கூவி விற்றவர்கள். பசி தெரியாமல் இருக்க ஒரு துணுக்கு. பல்வலிக்கு ஒரு துணுக்கு. விற்காத மீனோடு திரும்பும்போது மனசுக்கு ஒரு துணுக்கு. அவர்களுக்கு அது சோறு மாதிரி, அதனால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உனக்கும் யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஓ.எம்.ஆரில் ராத்திரி ஷிஃப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் கூட்டம், ஒரு கிளாஸ் டீ, ஒரு தம். தனியாக உட்கார்ந்து யாரும் இதைக் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் விடும்போது மட்டும் ஒருத்தியே மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு விட வேண்டும் என்று நினைக்கிறோம். அது நடக்காது. நான் நான்கு தடவை அப்படி முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

2013-ல் எனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "புகையிலைப் பழக்கம் உண்டா?" நான் இல்லை என்றேன். நர்ஸ் ஆயிற்றே, எப்படி உண்டு என்பது? ஏழாம் நாள் தையல் ஓரம் கருத்துப் போனது. சதையை வெட்டிச் சுத்தம் செய்து, மறுபடி ஆற மூன்று வாரம் பிடித்தது. அதனால் கரண்ட் வைப்பதும், அதான் கதிர்வீச்சுச் சிகிச்சை, தள்ளிப்போனது. எனக்குச் சர்க்கரையும் இருந்ததால் போயலை மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். நிக்கோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். மார்பை எடுத்தபின் மூடுகிற தோல் அந்தச் சின்னக் குழாய்களை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. உனக்கு இன்னும் ஒன்று கூடுதல். சிகரெட்டில் கார்பன் மோனாக்சைடும் உண்டு, அது ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே அது போய்விடும். அவ்வளவு சீக்கிரம் பலன் தருகிற மருந்து உன் ஃபைலில் வேறு எதுவும் இல்லை.

கீமோ முடிந்து ஆபரேஷன், அப்புறம் கரண்ட் என்று சொன்னாய். இடப்பக்கம் வேறு. கரண்ட் வைக்கும்போது நுரையீரலிலும் இதயத்திலும் கொஞ்சம் படத்தான் செய்யும். எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தாலும் கொஞ்சம் படும். 2017-ல் உலகம் முழுக்கப் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். புகை பிடிக்காதவர்களுக்கு அந்தக் கரண்டினால் பிற்காலத்தில் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. வருஷக்கணக்காகப் பிடித்து, விடாமல் தொடர்கிறவர்களுக்கு நூற்றில் நான்கு. கரண்ட் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, கரண்ட் உன்னைக் காப்பாற்ற வந்தது. அது வரும்போது வீட்டுக்குள் நெருப்பு வைத்திருக்காதே என்கிறேன். இப்போது விட்டால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி உன்னை விட்டுப் போய்விடும். உனக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை.

இனி நான் விட்ட கதை. ஜிப்மரில் எனக்கு இருபத்தைந்து நாள் கரண்ட். சனி ஞாயிறு தவிர தினமும் பஸ் ஏறிக் கோரிமேடு போக வேண்டும். உள்ளே போனால் சில நிமிஷ வேலை, வெளியே காத்திருப்பது இரண்டு மணி நேரம். அதே பெஞ்சு, அதே முகங்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்தவள் என் காதருகே குனிந்து, "நர்சம்மா, ஏலக்காய் போட்டா போயலை வாசனை போவாது" என்றாள். மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவளும் போடுகிறவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. டாக்டரிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். இந்தப் பக்கம் இருந்த இன்னொருத்தி, திண்டிவனம் பக்கத்து ஆள், கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், "எனக்குப் பீடி" என்றாள். அவ்வளவுதான். மூன்று பேர் ஆகிவிட்டோம்.

அன்றைக்கே மூன்று சுருக்குப்பையையும் கைமாற்றிக்கொண்டோம். என்னுடையது உப்பளத்துக்காரியிடம், அவளுடையது பீடிக்காரியிடம், பீடிக்கட்டு என்னிடம். உன் பொருளை வேறொருத்தி வைத்திருந்தால் எடுத்துப் போட முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கும். வீட்டில் இருக்கும்போது வாய் ஊறினால் ஒரு மிஸ்டு கால். போனில் காசு இருக்கிறவள் திருப்பிக் கூப்பிடுவாள். என்ன பேசுவோம் என்கிறாய்? போயலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். உப்பு விலை, மாமியார் சண்டை, கொழம்பு என்ன வைத்தாய் என்று. அந்த வெறி ஐந்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், கொழம்பு பேசி முடிப்பதற்குள் இறங்கிவிடும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினைந்து மிஸ்டு கால் போனது. நான்காவது வாரம் இரண்டோ மூன்றோ.

எல்லாம் நேராகப் போனது என்று நினைத்துவிடாதே. ஒரு சாவு வீட்டில் தாம்பூலத் தட்டு சுற்றி வந்தபோது என் கை தானாகப் போனது. மறுநாள் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். உப்பளத்துக்காரி, "சரி, நேத்து போச்சு. இன்னிக்குப் பை என்கிட்டதானே இருக்கு" என்றாள். திட்டியிருந்தால் அடுத்த தடவை மறைத்திருப்பேன். உன் அம்மாவிடம் நீ மறைப்பது அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

பீடிக்காரி இப்போது இல்லை. இரண்டு வருஷம் கழித்து நோய் எலும்புக்குப் போய்விட்டது. பீடியை விட்டதால் அவள் பிழைத்தாள் என்று கதை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. கடைசிவரை அவள் பீடியைத் தொடவில்லை என்பதும், மூச்சு வாங்காமல் பேசினாள் என்பதும் உண்மை.

1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற அம்மா தன் மார்பு ஆபரேஷன் முடிந்து எழுந்ததும், அடுத்து ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பித்தாராம். பிற்பாடு அது பல நாடுகளுக்கும் பரவிய பெரிய இயக்கமாகிவிட்டது. அந்தக் கதையை நான் ரொம்பப் பின்னால்தான் கேட்டேன். உப்பளத்துக்காரி இன்னும் கேட்கவில்லை. பட்டவளிடம்தான் பட்டவள் வாய் திறப்பாள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நீ இருக்கும் இடத்தில் எனக்குக் கிடைக்காத வசதிகளும் இருக்கின்றன. அடையாறு ஆஸ்பத்திரி, புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி என்ற அக்கா 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது. நாட்டில் 2002-ல் முதன்முதலாகத் தொடங்கிய புகையிலை நிறுத்தும் மையங்களில் அதுவும் ஒன்று. உன் கீமோ டாக்டரிடம் "நான் சிகரெட் பிடிக்கிறேன், விட உதவி வேண்டும்" என்று இரண்டே வாக்கியம் சொல். எத்தனை என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதே. அதுவும் கூச்சமாக இருந்தால் 1800-11-2356. இலவச எண், திங்கள் தவிர மற்ற நாள் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை எங்கே தேடுவது என்று கேட்காதே. 2018-லிருந்து உன் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

நர்சாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூட்டாளிகள் நல்லவர்கள், ஆனால் மருந்துக் கடை இல்லை. ஒருத்தி தனக்கு உதவிய மாத்திரையை அன்பாக உன்னிடம் நீட்டுவாள். சிகரெட் விட புப்ரோப்பியான் என்று ஒரு மாத்திரை கொடுப்பதுண்டு. நாளைக்கு உனக்கு டமாக்ஸிஃபென் எழுதினால் இதுவும் அதுவும் சேரக் கூடாது. டமாக்ஸிஃபென் உடம்புக்குள் போய் வேலை செய்யும் பொருளாக மாற வேண்டும், புப்ரோப்பியான் அந்த மாற்றத்தைத் தடுக்கும். நிக்கோட்டின் சூயிங்கம்மும் கீமோவில் வாய் வெந்திருக்கும்போது எரியும், அப்போது தோலில் ஒட்டுகிற பட்டி பரவாயில்லை. எது ஆனாலும் டாக்டர் எழுதட்டும். வாட்ஸப்பில் வரும் முள்சீத்தா கஷாயமெல்லாம் அனுப்புகிறவர்களே குடிக்கட்டும்.

வேப் என்று எதற்கும் மாறிவிடாதே. 2019-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள், இருந்தாலும் கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். அது தொல்லையை இடம் மாற்றுவதுதான், தீர்ப்பது இல்லை. நீ உட்கார்ந்திருந்த கல்லைப் பற்றி யோசித்துப் பார். புதுச்சேரியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள், வடக்கே மணல் வருவது நின்றது, கரை அரித்தது. அரித்த ஊரில் கல் கொட்டினால் கடல் அதற்கடுத்த ஊருக்குப் போனது. நம் தாத்தா வலை காயப்போட்ட மணல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

கீமோ அன்றும் மறுநாளும் தூக்கம் வராது, எரிச்சலாக வரும். அதில் பாதி, வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டின் வேலை. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பாக்கெட்டைத் தேடாதே. சிகரெட்டை விட்டதிலும் அதே எரிச்சல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே வேண்டாம், இரண்டும் போய்விடும்.

சொந்தக்காரர்களில் ஒருத்தர் நீ தம் அடித்ததால்தான் இந்த நோய் என்று பேசியது என் காதுக்கும் வந்தது. இருபது வருஷமாகத் திண்ணையில் சிகரெட் ஊதுகிற மனுஷர் அவர். அவரை யாராவது கேட்டார்களா? சிகரெட் கொஞ்சம் வாய்ப்பைக் கூட்டும், உண்மை. ஆனால் ஒரு இழுப்புப் புகைகூட அறியாத எத்தனையோ பெண்களை அந்தப் பெஞ்சில் பார்த்தேன். உனக்கு ஏன் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. குற்றவாளி மாதிரித் தண்டனைக்காக விடாதே, அப்படி விட்டது நிற்காது.

டீக்கடைக் கூட்டத்தில் ஒருத்தியிடமாவது சொல். அவளும் விட நினைப்பவளாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உன் முன்னால் பற்ற வைக்காமல் இருக்கட்டும். கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியைப் பார். ஏலக்காயோ புதினாவோ மென்றுகொண்டு யாராவது இருப்பாள்.

புதன்கிழமை உன் அம்மாவோடு நானும் வருகிறேன். கருவாடு கொண்டு வர மாட்டேன், அந்த வாசனை இப்போது உனக்கு ஆகாது. ரசப்பொடி மட்டும். வந்ததும் மிச்சம் இருக்கும் பாக்கெட்டை என் பையில் போட்டுவிடு, நான் பூட்டி வைக்கிறேன். என் பெட்டியில் பதினோரு வருஷத்துக்கு மேலாக ஒரு பீடிக்கட்டு அப்படியே இருக்கிறது, அதன் பக்கத்தில் இடம் உண்டு.

உன் நம்பரை உப்பளத்துக்காரியிடம் கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. மரக்காணத்திலிருந்து புது நம்பரில் ஒரு மிஸ்டு கால் வரும். எடுக்காதே, அவளுக்குக் காசு போகும். நீ திருப்பிக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா.