அழையா விருந்தாளி: கணிப்பொறியில் முளைத்த இரண்டாவது மவுஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

பேய் பிடித்த கணிப்பொறியை நண்பர்கள் யாரேனும் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அதுவும் நமது ஆய்வகத்தில், பட்டப்பகலில்! மவுஸை யாரும் தொடவில்லை. ஆயினும் திரையில் அம்புக்குறி மூலைக்கு மூலை பாய்ந்தது. கோப்புகள் தாமாகத் திறந்தன, தாமாக மூடின.

"தம்பி, என்னத்தைத் தொட்டே?" என்றார் ஆய்வக உதவியாளர்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார். கணிப்பொறி பழுதாகியிருந்தால் அதற்கு ஈடுகட்ட எங்களால் ஆகாது. அந்த அச்சத்தில்தான் இதன் காரணத்தைத் தேடத் தொடங்கினேன். அறிவு வேட்கையால் என்று சொன்னால் அது பொய்யாகும்.

நடந்தது இதுதான். ஜி.பி.எஸ். கருவியை ஒரே இடத்தில் அசையாமல் வைத்தால், அது காட்டும் இடம் எவ்வளவு தூரம் மாறுகிறது என்று அளக்க விரும்பினேன். கருவியை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கணிப்பொறியில் இணைத்தேன். முதல் நாள் ஒழுங்காக நடந்தது. மறுநாள் காலை, கேபிளைக் கழற்றாமலே கணிப்பொறியைப் போட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டது.

கேபிளை உருவினேன், அம்புக்குறி அடங்கியது. செருகினேன், மீண்டும் பாய்ந்தது. வைரஸ் அல்ல என்பது இதனாலேயே தெளிவாயிற்று. செயற்கைக்கோள் அலைகள்தான் குழப்புகின்றன என்றெண்ணி, கருவியைத் தகர டப்பாவுக்குள் வைத்து மூடினேன். பயனில்லை! செயற்கைக்கோள் கிடைக்காவிட்டாலும் இத்தகைய கருவி வாய் மூடாது. இடவிவரம் இல்லாத வெற்று வரிகளை விநாடிதோறும் அனுப்பிக்கொண்டேயிருக்கும்.

விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியல் உண்டு. அதில் மவுஸ்களின் கீழ் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நம் மேசை மீதுள்ளது. மற்றொன்று 'சீரியல் பால்பாயின்ட்'. இது 1990-களின் தொடக்கத்தில் மடிக்கணினிகளின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட, பந்தை உருட்டி இயக்கும் மவுஸ். நம் ஆய்வகத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது! இல்லாத மவுஸ் எப்படி முளைத்தது?

டிரைவர் என்பது இங்கே வண்டி ஓட்டுபவர் அல்ல. ஒரு கருவியின் பேச்சைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் மென்பொருள். பழைய மவுஸ்கள் சீரியல் போர்ட்டில் இணைக்கப்பட்டன. அந்தப் போர்ட்டின் சமிக்ஞைக் கம்பிகளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டன. கணிப்பொறி அந்தக் கம்பிகளின் மின்னழுத்தத்தை ஒருமுறை இறக்கி ஏற்றினால், மவுஸ் 'எம்' என்ற எழுத்தை அனுப்பித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். பேச்சின் வேகம் விநாடிக்கு 1200 பிட். இந்த விசாரணை இன்றும் விண்டோஸில் நடக்கிறது. புதிய சீரியல் போர்ட் தோன்றியதும் "நீ யார்?" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலைக் கவனிக்கிறது.

நம் ஜி.பி.எஸ். கருவிக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது. அது பாட்டுக்கு 9600 பிட் வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. 9600-ஐ 1200-ஆல் வகுத்தால் 8. ஆக, எட்டு பிட்டுகள் கடக்கும் நேரத்தை ஒரே பிட்டாக எண்ணிப் படிக்கிறது கணிப்பொறி. விளைவு வெறும் உளறல். அந்த உளறலில் மவுஸின் பதிலை ஒத்த எழுத்து ஒன்று தற்செயலாக அமைந்துவிட்டால் போதும். மவுஸ் டிரைவர் வந்து அமர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் இது நேராததற்குக் காரணமும் இந்தத் தற்செயலே.

அதன்பின் வருவதெல்லாம் அசைவாகவே கொள்ளப்படும். சாதாரண சீரியல் மவுஸின் மொழியில் ஒரு செய்திக்கு 3 எண்கள். முதல் எண்ணிலேயே இடது, வலது பொத்தான்களுக்கு ஒவ்வொரு பிட் உண்டு. எஞ்சியவை குறுக்கிலும் நெடுக்கிலும் நகர்ந்த அளவு. கோப்புகள் தாமாகத் திறந்த மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

இனி, தீர்வு. மவுஸ் நம் சொல் கேளாதபோது விசைப்பலகையே துணை. விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, பிறகு எம் விசையை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் பொய் மவுஸின் மீது சென்று, ஷிப்ட்டுடன் எஃப் 10-ஐ அழுத்தினால் பட்டியல் விரியும். அதில் 'டிஸேபிள்' என்பதைத் தேர்க. நான் முதலில் 'அன்இன்ஸ்டால்' செய்து ஏமாந்தேன். நீக்கப்பட்டதை அடுத்த விசாரணையில் கணிப்பொறி மீண்டும் கண்டுபிடித்துக்கொள்ளும். முடக்கப்பட்டதோ பட்டியலில் இருந்துகொண்டே செயலற்றுக் கிடக்கும். சில கேபிள்களை வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினால் புதிய போர்ட்டாகக் கருதப்படும். அங்கே விருந்தாளி திரும்ப வரக்கூடும்.

வேரோடு களைய இரு வழிகள் உள. சில கேபிள்களின் டிரைவரில், போர்ட் அமைப்பின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'சீரியல் எனுமரேட்டர்' என்ற கட்டம் இருக்கும். அதன் குறியை எடுத்துவிட்டால் விசாரணையே நடக்காது. மற்றொன்று, ரெஜிஸ்ட்ரியில் 'செர்மவுஸ்' என்ற டிரைவரின் 'ஸ்டார்ட்' எண்ணை 3-லிருந்து 4 ஆக்குவது. 3 என்றால் தேவைப்படும்போது இயங்கு. 4 என்றால் இயங்காதே. உண்மையான சீரியல் மவுஸ் உள்ள கணிப்பொறியில் இதைச் செய்யலாகாது. பொறுப்பாசிரியரின் அனுமதியின்றி ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதும் தகாது. நான் கேட்ட பிறகே தொட்டேன். பேராசிரியர் என் பின்னால் நின்றபடி ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார்.

அன்று பிற்பகல் 4 மணி நேரம் கருவி ஓடியது. விநாடிக்கு ஓர் இடவிவரம் வீதம் 14,400 வரிகள் சேர்ந்தன. அம்புக்குறி வைத்த இடத்தில் நின்றது. உதவியாளர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை தேநீரோடு வந்தார்.