தொலைபேசி அழைப்பும் தெரிந்து தெளிதலும்

1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஒன்ராறியோ மாகாணத்தின் பிரான்ட்ஃபோர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாரிஸ் என்னும் ஊருக்குத் தந்திக் கம்பி வழியே மனிதக் குரலை அனுப்பிக் காட்டினார் அலெக்சாண்டர் கிரகம் பெல். நாம் இன்று வாழும் இம்மாகாணம் தொலைபேசியின் வரலாற்றில் இத்துணைச் சிறப்புடையது.

கடல் கடந்து வந்த நமக்கோ தொலைபேசி வெறும் கருவியன்று. போர்க் காலத்தில் ஊரின் நல்ல செய்தியும் துயரச் செய்தியும் அதன் வழியாகவே நம்மை வந்தடைந்தன. நள்ளிரவில் மணி ஒலித்தாலும் ஓடிச் சென்று எடுத்தவர்கள் நம் பெரியோர். ஒலிக்கும் மணியைக் கேட்டும் வாளாவிருக்க இன்றும் அவர்களால் இயலாது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பைத் துண்டிப்பது பண்பன்று என்பதும் அவர்தம் எண்ணம். இவ்விரு நல்லியல்புகளையுமே வஞ்சகர் தமக்கு வாய்ப்பாகக் கொள்கின்றனர். ஆதலின், வேண்டாத அழைப்புகளின் இயல்பையும் அவற்றை எதிர்கொள்ளும் முறையையும் மாணவரும் பெற்றோரும் சேர்ந்தே அறிந்துகொள்ளுதல் நன்று.

அழைப்புகள் இருவகை

முதலாவது, தொல்லை அழைப்பு. யன்னல் மாற்றித் தருகிறோம், வீட்டின் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்கிறோம் என்று வணிகர் விடுக்கும் அழைப்புகள் இவ்வகையின. இவற்றைக் கட்டுப்படுத்தவே 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் கனடாவில் தேசிய 'அழைக்க வேண்டாம்' பட்டியல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு இலக்கத்தையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் அதிற் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிந்த 31 நாட்களுக்குள் வணிகர் தம் அழைப்பை நிறுத்திவிட வேண்டும். பதியாதவர்களையும் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்னரோ இரவு 9.30 மணிக்குப் பின்னரோ அழைத்தல் ஆகாது. பதிவு பெற்ற அறக்கொடை நிறுவனங்கள், அரசியற் கட்சிகள், கருத்துக் கணிப்பாளர், செய்தித்தாள் சந்தா சேர்ப்போர் ஆகியோருக்கு இப்பட்டியலில் விலக்கு உண்டு.

இரண்டாவது, வஞ்சக அழைப்பு. திருட வருபவன் வாயிற்பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவதில்லை. அதுபோல வஞ்சகரும் எந்தப் பட்டியலையும் பொருட்படுத்துவதில்லை. எனினும் பதிவினால் ஒரு பயனுண்டு. சட்டத்தை மதிக்கும் வணிகர் நின்றுவிடுவதால், அதன் பின்னரும் விற்பனைக்கென அழைக்கும் அறியாத குரலை நாம் ஐயத்துடன் நோக்கலாம்.

வஞ்சக அழைப்பின் நான்கு குறிகள்

கதை எத்தனை வகையாக மாறினும், வஞ்சக அழைப்பில் வேடம், அச்சம், அவசரம், இரகசியம் என்னும் நான்கும் காணப்படும்.

வேடம்: அழைப்பவர் வரி அதிகாரியாகவோ, வங்கியின் புலனாய்வாளராகவோ, கணினி நிறுவனத்தின் தொழில்நுட்பராகவோ தம்மைக் காட்டிக்கொள்வார். நம் தொலைபேசித் திரையில் தோன்றும் இலக்கமும் பொய்யாக இருக்கலாம். பொலிஸ் நிலையத்தின் உண்மையான இலக்கத்தையே திரையில் தோன்றச் செய்யவும் அவர்களால் முடியும். இதனைத் தடுக்க, அழைப்பு இலக்கத்தின் உண்மையைச் சரிபார்க்கும் முறையொன்று 2021ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கனடாவில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அம்முறை இணைய நெறிவழிச் செல்லும் அழைப்புகளுக்கே செயற்படும். பழைய வகை இணைப்புகளைக் கடந்து வரும் அழைப்புகளுக்கு உதவாது. எனவே, திரையில் தெரியும் இலக்கத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது.

பேசும் மொழியும் சான்றன்று. 2017ஆம் ஆண்டிற் சீனத் தூதரகத்திலிருந்து பேசுவதாகக் கூறி, கனடாவிலுள்ள சீன மாணவரை அவர்தம் தாய்மொழியிலேயே அச்சுறுத்தினர் வஞ்சகர். நம் மொழியில் இனிமையாகப் பேசுபவர் எல்லாரும் நம்மவர் ஆகிவிடார்.

அச்சம்: "நீர் வரி ஏய்த்தீர், இன்று மாலைக்குள் கைது செய்யப்படுவீர்" என்று ஒரு குரல் மிரட்டும். குடிவரவு நிலை உறுதிப்படாதவரை நாடுகடத்தல் என்னும் சொல்லே நடுங்கச் செய்துவிடும். 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மும்பையை அடுத்த தானே மாவட்டத்திற் பொலிஸார் நடத்திய சோதனையில், அமெரிக்க வரித்துறை அதிகாரிகளாக நடித்து அந்நாட்டு மக்களை மிரட்டிவந்த அழைப்பு நிலையங்கள் பிடிபட்டன. அங்கே இளைஞர் பலர் எழுதிக் கொடுக்கப்பட்ட உரையைப் படித்தே பேசிவந்தனர். நம்மை நடுங்க வைக்கும் சொற்கள் நமக்கென எழுதப்பட்டவை அல்ல. ஆயிரம் பேருக்குப் படிக்கப்படுபவை. இதனை உணர்ந்தாற் பாதி அச்சம் நீங்கும். சிலவேளை அச்சத்தின் இடத்தில் ஆசை வரும். பங்குபற்றாத குலுக்கலிற் பரிசு விழுந்ததாகக் கூறி, அதனைப் பெற முன்பணம் கேட்பர்.

அவசரம்: பரிசு அட்டைகளை வாங்கி அவற்றிலுள்ள இலக்கங்களைப் படிக்கச் சொல்வர், அல்லது பிட்கொயின் இயந்திரத்திற் பணமிடச் சொல்வர். இலக்கம் கைமாறிய கணத்திலேயே பணமும் கைமாறிவிடும், மீட்பது அரிது. கனடா வருமான முகவரகம் பரிசு அட்டையால் வரி கேட்பதில்லை. உடனே கைது என்று மிரட்டுவதுமில்லை.

இரகசியம்: நான்கனுள் மிகக் கொடியது இதுவே. "அம்மம்மா, நான் விபத்தில் மாட்டிக்கொண்டேன். பிணைப்பணம் வேண்டும். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று அழுகுரல் கேட்கும். இன்று செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஒருவரின் சிறு ஒலிப்பதிவைக் கொண்டே அவர் குரலைப் போன்ற குரலை உருவாக்க முடிகிறது. எவருக்கும் சொல்லாதே என்று கூறுவதன் நோக்கம் ஒன்றே. வீட்டில் இன்னொருவரிடம் சொன்னால் வஞ்சகம் வெளிப்பட்டுவிடும்.

நாம் செய்ய வேண்டுவன

திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து தெளிதல்'. ஒருவரை ஆராய்ந்து அறிந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அம்முறையைத் தொலைபேசிக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

1. தொடர்பைத் துண்டியுங்கள். "இவ்விடயங்களை நாங்கள் தொலைபேசியிற் பேசுவதில்லை" என்று ஒரு வரி கூறி வைத்துவிடலாம், கூறாமலும் வைக்கலாம். அது பண்புக் குறைவன்று. பதிவு செய்யப்பட்ட குரல் கேட்டால் எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம்.

2. வீட்டில் ஒருவரைக் கலந்து பேசுங்கள். உண்மையான அலுவலகம் எதுவும் அதற்கான அவகாசத்தை மறுப்பதில்லை.

3. இலக்கத்தை நீங்களே தேடி அழையுங்கள். வங்கி அட்டையின் பின்புறத்திலும் அரசாங்கக் கடிதத்திலும் உரிய இலக்கம் இருக்கும். கம்பி வழி வரும் வீட்டுத் தொலைபேசியில் நாம் வைத்த பின்னும், அழைத்தவர் வைக்காவிடின் தொடர்பு சிறிது நேரம் நீடிக்கக்கூடும். எனவே வேறு தொலைபேசியிலிருந்து அழைத்தல் நன்று.

4. ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண், கடவுச்சொல், குறுஞ்செய்தியில் வரும் குறியீடு ஆகியவற்றை அழைத்தவருக்குச் சொல்லாதீர்கள். கணினியை இயக்க அவரை அனுமதிக்காதீர்கள்.

5. ஒருமுறை ஒலித்து நின்றுவிடும் அறியாத இலக்கத்தைத் திருப்பி அழைக்காதீர்கள். கனடா இலக்கம் போலத் தோன்றும் 876 யமேக்காவுக்கும், 473 கிரனடாவுக்கும் உரியவை. திருப்பி அழைப்பவருக்குப் பெருங்கட்டணம் விழலாம்.

6. குடும்பத்திற்கென ஒரு மறைசொல் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் குளம், கோயில், ஒழுங்கை ஆகியவற்றில் ஒன்றன் பெயரை வைக்கலாம். பேரப்பிள்ளையின் குரலில் எவர் பணம் கேட்டாலும் முதலில் அச்சொல்லைக் கேட்க வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

ஆங்கிலத்திற் பேசத் தயங்கும் பெரியோர்க்கு வீட்டில் நீங்களே மொழிபெயர்ப்பாளர். அப்பணியில் இதுவும் ஒரு பகுதியாகட்டும். இப்பாடத்தை வீட்டிலுள்ள முதியோருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏமாந்திருந்தால், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருபோதும் கேளாதீர்கள். பணத்தை இழந்தவர் அதனினும் மேலாக மானத்திற்கே அஞ்சுவர். அவ்வச்சத்தாற் பிள்ளைகளிடமும் மறைத்து, தனியே வருந்துவர். மறைப்பதால் வஞ்சகர் மீண்டும் அழைப்பர். "சொன்னது நல்லது, அம்மம்மா. இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பெருந்துணையாகும்.

பணமோ விபரமோ கைமாறியிருந்தால் உடனே வங்கிக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். சமூகக் காப்புறுதி எண்ணைச் சொல்லியிருந்தால் ஈக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன்தரப் பதிவு நிறுவனங்களுக்கும் அறிவித்தல் வேண்டும். 1993இல் ஒன்ராறியோவின் நோர்த் பே நகரில் தொடங்கப்பட்டு, இன்று கனடிய மோசடி எதிர்ப்பு மையம் என வழங்கும் அமைப்பிடம் 1-888-495-8501 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். பணம் இழக்காதவரும் முறையிடலாம். அச்செய்தி இன்னொரு வீட்டைக் காக்கும்.

ஊரிலிருந்து வரும் அன்புக் குரலுக்காகத் தொலைபேசியை எடுக்கும் வழக்கம் நம்மிடம் என்றும் நிலைக்கட்டும். அக்குரல் எவருடையது என்பதை மட்டும் தெரிந்து தெளிவோம்.

பயிற்சி

1. வஞ்சக அழைப்பின் நான்கு குறிகள் யாவை? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. திரையில் வங்கியின் இலக்கம் தோன்றினும் அதனை ஏன் நம்பலாகாது?

3. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருடன் சேர்ந்து, வஞ்சகராக ஒருவரும் அழைப்பை எடுப்பவராக மற்றவரும் நடித்துப் பழகுக. பின்னர் இடம் மாறி நடிக்க.

4. உங்கள் குடும்பத்தின் மறைசொல்லை இன்றே தெரிவு செய்க. அதனை வகுப்பிலும் எவருக்கும் கூறாதிருக்க.